விடியும்வரை தாங்கும் சக்தி: படுவான்கரையின் இரவுகள்

இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டி நீளும் கரை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாக விரியும் கரை, சூரியன் படும் திசையில் இருப்பதால், படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. வீதியும் மின்கம்பியும் எழுவான்கரைக்கே முதலில் வந்தன; படுவான்கரையின் பல ஊர்கள் தம் இரவுக்கு வேண்டிய எண்ணெயையும் பற்றரியையும் நெடுங்காலம் படகுப்பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில், கொண்டுவர வேண்டியிருந்தது.

வட்டக்களரி எனும் வட்ட ஆடுகளத்தில் விடிய விடிய ஆடப்படும் வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளுக்குத் தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் ஒளி தந்த காலத்துக்குப் பின், 1910ஐ ஒட்டி பெர்லினில் உருவான பெற்றோமக்ஸ் விளக்கு வந்து சேர்ந்தது. சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை எரித்துக் குழாயைச் சூடேற்றி, பிறகு பம்ப் அடித்தால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகி, மெந்தல் எனப்படும் வலைத்திரியை வெள்ளொளி வீசச் செய்யும். கலம் நிறைந்திருந்தாலும் அழுத்தம் இறங்கினால் ஒளி மங்கிவிடும் என்பதால், ஆட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து மீண்டும் பம்ப் அடிக்க வேண்டும். கூத்தின் வரலாற்றில், அதைப் பழக்கி நடத்தும் ஆசானான அண்ணாவியாருக்கு உள்ள இடத்தில் ஒரு சிறு பங்கேனும் அந்த விளக்குக்காரருக்கு உரியது.

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபின், அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு எரிபொருளும் பற்றரியும் செல்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2002இன் போர்நிறுத்தம்தான் அதைத் தளர்த்தியது. பிள்ளைகளின் படிப்பையும் தாய்மாரின் பிரசவத்தையும் இருளில் தள்ளிய அந்தக் கட்டுப்பாட்டை வெறும் இராணுவ நடவடிக்கை என்று எழுதிக் கடந்துவிட முடியாது. 2014இல் வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அவ்விடத்துப் படகுப்பாதையின் தேவையும் முடிந்தது.

ஆயினும் யானை வராமல் காவலிருக்கும் வயல் குடில்களான வாடிகளைப் போன்ற மின்னிணைப்பற்ற தங்குமிடங்களில் சக்தியை இன்றும் ஓர் இரவைக் கொண்டே கணக்கிட வேண்டியிருக்கிறது. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு அடைபடும் நோய்க்கு 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே இடையறாது காற்றழுத்தம் தரும் சீபாப் கருவியை அங்கே இயக்குவதற்கும் கணக்கு அதுவே. கருவி சுமார் 30 வாட் எடுப்பதாகக் கொண்டால், எட்டு மணி நேர உறக்கத்துக்கு 240 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமிலப் பற்றரி 720 வாட்-மணி சேமித்தாலும், பாதிக்கு மேல் வடிந்தால் அதன் தகடுகள் விரைவில் பழுதடையும் என்பதால், பயன்படுவது 360 மட்டுமே. அதாவது ஓர் இரவைத் தாண்டும், இரண்டாம் இரவு முழுவதற்கும் போதாது. காற்றை ஈரமாக்கும் சூடேற்றி செலவைப் பெருமளவு கூட்டுவதால் அதை நிறுத்திவிடுவதும், நேர்மின்னை மாறுமின்னாக்கும் இன்வேட்டரில் சக்தியை இழக்காமல் பற்றரியிலிருந்து நேரே இணைக்கும் வடத்தைப் பயன்படுத்துவதும், பகலில் சூரியத் தகட்டால் மீண்டும் ஏற்றிக்கொள்வதுமே வழி.