காலி வீடும் காலிப் பணியிடமும்

1/ எங்க பக்கத்து வீட்ல மூணு மாசமா டு-லெட் போர்டு தொங்குது. ஓனரம்மா என்னைப் பார்க்கிறப்பெல்லாம் "டாக்டர் தம்பி, தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க"ன்னு கேட்கிறாங்க. மாசம் போனா அவங்களுக்கு வாடகை நஷ்டம். அவங்க அவசரம் புரியுது.

2/ எனக்கும் ஒரு காலி இடம் நிரம்பணும். சென்னையின் மேற்குப் புறநகர்ல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கிறேன். பக்கத்து துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியர் பணியிடம் காலி. எங்க செவிலியர் அக்காதான் அதுக்கும் "கூடுதல் பொறுப்பு". சுமார் 5,000 பேருக்கு ஒருத்தர்ங்கிறது கணக்கு. அக்கா ரெண்டு பேர் வேலையைப் பார்க்கிறாங்க.

3/ போன வருஷம் ஒரு கர்ப்பிணி எட்டாவது மாசத்துல மூச்சு வாங்கிட்டு வந்தாங்க. ஹீமோகுளோபின் 6. கட்டட வேலைக்கு வந்த குடும்பம், வீட்டுக்குப் போய் பதிவு செய்ய ஆள் இல்ல. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ரத்தம் ஏத்தினாங்க. தாயும் பிள்ளையும் நலம். ஆனா அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

4/ இந்தக் காத்திருப்புக்கு ஒரு வரலாறு இருக்கு, கேளுங்க. இரண்டாம் உலகப்போர்ல ஆவடி பெரிய ராணுவ டிப்போ. போர் முடிஞ்சதும் படையிலிருந்து விடுபட்டவங்களுக்கு வேலை தேடித் தர 1945-ல நாடு முழுக்க வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கினாங்க. 1948-ல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. 1956-ல நிர்வாகம் மாநிலங்கள் கைக்கு வந்துச்சு.

5/ 1959-ல ஒரு சட்டம். அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடம் வந்தா இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும்னு அது சொல்லுச்சு. கவனிங்க, தெரிவிக்கத்தான் கட்டாயமா இருந்துச்சு. அந்தப் பட்டியல்ல இருந்துதான் ஆள் எடுக்கணும்னு சட்டம் சொல்லல. எப்போ நிரப்பணும்னும் சொல்லல.

6/ இந்தப் பக்கம் 1961-ல ஆவடி டாங்கி தொழிற்சாலை, 1964-ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஐ.டி.ஐ முடிச்ச பையன்களுக்கெல்லாம் ஒரு பதிவு அட்டை. எங்க அப்பாகிட்டயும் இருந்துச்சு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மறக்காம புதுப்பிப்பாரு. நேர்முகக் கடிதம் கடைசி வரைக்கும் வரல. ஒரு சின்ன லேத் பட்டறையிலேயே ரிட்டயர் ஆனாரு. அந்த அட்டை இன்னும் பீரோவுல இருக்கு.

7/ 1996-ல உச்ச நீதிமன்றம், அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலயும் விளம்பரம் செய்யணும்னு சொல்லிடுச்சு. பதிவு மூப்பை நம்பி வருஷக்கணக்கா வரிசையில நின்னவங்களுக்கு அது பெரிய அடி. அட்டையே இல்லாதவங்களுக்கு அதுவே நியாயம். ரெண்டும் உண்மை.

8/ 2001 நவம்பர்ல தமிழ்நாடு அரசு, நிதி நெருக்கடின்னு புது நியமனத்துக்குத் தடை போட்டுச்சு. சில பணிகளுக்கு விலக்கு இருந்துச்சு. 2006 பிப்ரவரியிலதான் தடை நீங்குச்சு. நாலு வருஷத்துக்கு மேல! அந்த நேரத்துல வயசு வரம்பைத் தாண்டினவங்களை நினைச்சுப் பாருங்க.

9/ அதே 2006 ஏப்ரல்ல உமாதேவி வழக்குத் தீர்ப்பு. முறையான தேர்வு இல்லாம தற்காலிகமா சேர்ந்தவங்க, பணி நிரந்தரத்தை உரிமையா கேட்க முடியாது. பின்வாசல் நியமனத்தைத் தடுக்க வந்த தீர்ப்பு. ஆனா "தற்காலிகம்"ங்கிற வழக்கம் நிக்கல.

10/ 2012-ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி) வந்துச்சு. டாக்டர், நர்ஸ் எல்லாரையும் இதுதான் தேர்வு செய்யுது. வந்தது நல்லது. ஆனா 2015-ல எம்.ஆர்.பி தேர்வே எழுதி வந்த நர்ஸ்களுக்கு ஆரம்பத் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பர்ல அவங்க சென்னையில போராடினதைப் பலர் மறந்திருப்பீங்க. இடம் நிரம்புச்சு, ஆனா முழுசா நிரம்பல.

11/ ஏன் இப்படி? ஓனரம்மாவை நினைச்சுக்கோங்க. வீடு காலின்னா நஷ்டம் அவங்களுக்கு. அதனால போர்டு மாட்டுறாங்க, ஆள் தேடுறாங்க. பணியிடம் காலின்னா கருவூலத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம். நஷ்டம் வேற இடத்துல விழுது. அக்காவோட முதுகுல. அந்த எட்டு மாசக் கர்ப்பிணியோட ரத்தத்துல. மிச்சம் ஒருத்தருக்கு, நஷ்டம் இன்னொருத்தருக்குன்னா அவசரம் யாருக்கு வரும்?

12/ நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரியில லேட் ஆனா அங்க நிக்கிற நர்ஸ்கிட்ட சண்டை போடாதீங்க. அவங்க "வந்திருக்கிற" ஒருத்தர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல 10 ரூபாய் கட்டணத்துல மூணு கேள்வி கேளுங்க: உங்க சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? நிரப்பப்பட்டது எத்தனை? மீதி எந்தத் தேதியிலிருந்து காலி? 30 நாள்ல பதில் தரணும்.

13/ மூணாவது கேள்விதான் முக்கியம். காலிப் பணியிடத்துக்கு வாசல்ல டு-லெட் போர்டு கிடையாது. நாமதான் கேட்டு எழுதி மாட்டணும்.

ஓனரம்மா வீட்டுக்கு நேத்து ஒரு குடும்பம் பார்க்க வந்தாங்க. அட்வான்ஸ் கொடுத்துட்டாங்களாம். அக்காவுக்கு இன்னைக்கும் கூடுதல் பொறுப்புதான்.