பார்லெத்தாவுக்குத் திரும்பிய ஓவியங்கள்

ஒரு கலைஞனை அவன் விற்ற படைப்புகளைக் கொண்டு மதிப்பிடுவதா, விற்காமல் தன்னோடு வைத்திருந்தவற்றைக் கொண்டு மதிப்பிடுவதா? இத்தாலிய நிலக்காட்சி ஓவியர் ஜூசெப்பே டெ நித்திஸின் வாழ்க்கை எழுப்பும் கேள்வி இது.

இத்தாலியின் தென்கிழக்குக் கரையிலுள்ள பார்லெத்தாவில் 1846 ஆம் ஆண்டு பிறந்த அவர், பெற்றோரை இளமையிலேயே இழந்து, பாட்டன் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். நேப்பிள்ஸ் நுண்கலைக் கல்லூரி 1863 இல் ஒழுங்கீனம் காரணமாக அவரை வெளியேற்றியது. அவர் சோர்ந்துவிடவில்லை. வெசுவியஸ் எரிமலை அடிவாரத்து ரெசினாவில் டெ கிரெகோரியோ, ரொசானோ ஆகிய நண்பர்களுடன் திறந்த வெளியில் நின்று வானத்தையும் மண்ணையும் தீட்டினார்.

பின்னர் பாரிஸ் சென்று, 1869 இல் லெயொந்தீன் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். புகழ்பெற்ற கலை வணிகரான கூப்பில் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். செல்வந்தர் விரும்பும் பழங்கால ஆடை அலங்காரக் காட்சிகளையே சந்தை கேட்டது. ஆனால், 1872 இல் வெசுவியஸ் குமுறியபோது டெ நித்திஸ் அம்மலைச் சரிவுகளில் இருந்தார். சாம்பலையும் புகையையும் மாறும் ஒளியையும் சின்னஞ்சிறு மரப்பலகைகளில் பதிவு செய்தார்.

1874 அவரது வாழ்வில் முக்கியமான ஆண்டு. பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனில் 'எவ்வளவு குளிர்!' என்ற ஓவியம் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டில் டெகாவின் அழைப்பை ஏற்று, நாடாரின் பழைய நிழற்படக் கூடத்தில் நடந்த முதலாவது இம்பிரெஷனிஸ்ட் கண்காட்சியிலும் பங்குகொண்டார். மொனே, ரெனுவார் ஆகியோரின் படைப்புகளும் அங்கே இருந்தன. ஆனால், அக்குழுவினரின் பிந்திய கண்காட்சிகளில் டெ நித்திஸ் சேரவில்லை. 1878 உலகக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் அவரைத் தேடி வந்தது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவரைக் குறைகூறுவது எளிது. புதுமைக்கும் சந்தைக்கும் இடையில் அவர் நின்றது உண்மையே. 1884 ஓகஸ்டில், 38 வயதிலேயே, அவர் காலமானார்.

தம்மிடம் எஞ்சியிருந்த ஓவியங்களை லெயொந்தீன் கணவரின் பிறந்த ஊருக்கே உயில் எழுதி வைத்தார். பார்லெத்தாவின் டெல்லா மர்ரா மாளிகையில் அவற்றை இன்றும் காணலாம். பாரிஸில் விலைபோன ஓவியங்கள் பல திசைகளுக்கும் சிதறின. விலைபோகாதவை வீடு வந்து சேர்ந்தன. நாம் எழுப்பிய கேள்விக்கு அந்த ஓவியங்களே விடை சொல்கின்றன.