இரவில் படம் எடுத்ததும் கேமரா ஏன் 'கொஞ்சம் இரு' என்கிறது?

டிரைபாடில் கேமராவை வைத்து மரினா பே விளக்குகளை 30 விநாடிக்குப் படம் எடுக்கிறீர்கள். ஷட்டர் மூடிவிட்டது. ஆனால் அடுத்த 30 விநாடிக்குத் திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு படமும் எடுக்க முடியவில்லை.

"என்ன இது, கேமரா கெட்டுப்போச்சா?"

இல்லை. அது இன்னொரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. முழு இருட்டுப் படம்!

இருட்டை ஏன் படம் எடுக்க வேண்டும்?

கேமராவின் சென்சரில் ஒளியால் மட்டுமல்ல, வெப்பத்தாலும் மின்னூட்டம் சேரும். படம் பதிவாகும் நேரம் நீள நீள அதுவும் கூடும்.

சில பிக்சல்களில் அது மற்றவற்றைவிட வேகமாகச் சேரும். கறுப்பு வானத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரிவது அதனால்தான். அவற்றை 'ஹாட் பிக்சல்' என்பார்கள்.

சென்சரின் வெப்பநிலை சுமார் 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் கூடினால், மின்னூட்டம் சேரும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இரவிலும் புழுக்கம் குறையாத சிங்கப்பூரில் இது சாதாரண விஷயம் இல்லை.

கேமரா என்ன செய்கிறது?

ஹாட் பிக்சல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனால் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு, அதே நேரத்துக்கு, அதே ஐஎஸ்ஓ அளவில் இருட்டைப் பதிவு செய்கிறது. அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடுகிறது.

மெனுவில் இதன் பெயர் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்'. பல கேமராக்களில் சுமார் 1 விநாடிக்கு மேற்பட்ட படங்களுக்கு இது வேலை செய்யும்.

எல்லா நாய்ஸும் போய்விடுமா?

போகாது. மணல் தூவியதுபோல் தெரியும் நாய்ஸ் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு மாதிரி இருக்கும். கழித்தால் போகாது.

அதற்கு வேறு வழி: அசையாத காட்சியைப் பல முறை எடுத்து, கணினியில் சராசரி பார்க்கலாம். 4 படங்களைச் சேர்த்தால் அந்த நாய்ஸ் பாதியாகும். 16 படங்கள் என்றால் கால்வாசி.

எப்போது ஆன்? எப்போது ஆஃப்?

- கட்டடம், பாலம், தெருவிளக்கு: ஆன் செய்யலாம். அவை எங்கும் ஓடிப்போகாது!

- தேசிய தின வாணவேடிக்கை: ஆஃப். 5 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால், அடுத்த 5 விநாடி கேமரா இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாணவேடிக்கையில் பாதி கைநழுவிப் போகும்.

- நட்சத்திரத் தடம்: ஆஃப். இல்லாவிட்டால் கோடுகள் நடுநடுவே விட்டுப்போகும்.

ஆஃப் செய்தால் புள்ளிகளை என்ன செய்வது?

இருட்டுப் படத்தை நீங்களே எடுக்கலாம். வாணவேடிக்கை முடிந்ததும், கேமரா சூடு ஆறுவதற்குள் லென்ஸ் மூடியைப் போடுங்கள். அதே ஷட்டர் நேரம், அதே ஐஎஸ்ஓ. சில படங்கள் எடுத்தால் இன்னும் நல்லது. எல்லாமே 'ரா' வடிவில் இருக்கட்டும். கழிக்கும் வேலையைப் பிறகு கணினியில் செய்துகொள்ளலாம்.

புள்ளியைப் பிறகு அழிக்க முடியும். தவறவிட்ட வாணவேடிக்கையைத் திரும்ப எடுக்க அடுத்த ஆகஸ்ட் 9 வரை காத்திருக்கணும்.