மரபணு ஆய்வும் மலையக மக்களும்

கொத்மலைப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் தொழிலாளி ஒருவரின் நோய் விபரங்கள் எங்கே இருக்கின்றன? தோட்ட மருந்தகத்தின் பதிவேட்டில் ஒரு பகுதி, நாவலப்பிட்டியில் பெற்ற கிளினிக் கொப்பியில் இன்னொரு பகுதி, கண்டியில் செய்த இரத்தப் பரிசோதனைத் துண்டில் மற்றொரு பகுதி என அவை சிதறிக் கிடக்கலாம். இவற்றை ஒன்றுசேர்க்க வழியில்லையெனில் ஒருவரின் நோயை மட்டுமன்றி, ஒரு சமூகத்தின் நோயையும் அறிய முடியாது.

இன்றைய மருத்துவ ஆய்வுகள் இத்தகைய தரவுகளின் மீதே கட்டியெழுப்பப்படுகின்றன. பிரித்தானியா 2006 முதல் 2010 வரை சுமார் 5 இலட்சம் பேரின் குருதி மாதிரிகளைத் திரட்டி, அவற்றை அவர்களது மருத்துவப் பதிவுகளுடன் இணைத்து 'யூகே பயோபேங்க்' களஞ்சியத்தை உருவாக்கியது. இந்தியா, சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2015இல் நிறைவுற்ற சர்வதேச '1000 மரபணுத் தொகுதிகள்' திட்டத்தில் 26 மக்கட் பிரிவினரைச் சேர்ந்த 2504 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் இலங்கைத் தமிழரும் உண்டு. ஆனால், மாதிரிகள் பெறப்பட்டதோ பிரித்தானியாவில் வாழ்ந்தோரிடம். மலையகத் தமிழருக்கோ இலங்கை முஸ்லிம்களுக்கோ அதில் தனிப்பிரிவு இல்லை.

இதனால் என்ன நட்டம் எனக் கேட்கலாம். பெற்றோர் இருவரும் தலசீமியா நோய்க் காவிகளாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் ஏற்பட நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. காவிகள் எங்கே, எவ்வளவு பேர் என்பதை அறியாமல் இதைத் தடுக்க இயலாது. ஈரான் 1997 முதல் திருமணத்துக்கு முன்னரான பரிசோதனையை நாடளாவிய ரீதியில் நடைமுறைப்படுத்தி, இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகையைப் பெருமளவு குறைத்தது. எமது நாட்டிலும், தனித்தனியாகக் கணிப்பதன் பயன் நிரூபணமான ஒன்றே. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் தேசிய ரீதியில் 17.3 வீதம் எனக் கூறியது. தோட்டப்புறத்திலோ அது 31.7 வீதமாகும். தேசிய சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

எனினும், பதிவேடு என்றதும் மலையக மக்கள் தயங்குவார்களாயின் அதற்குக் காரணம் உண்டு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதரை எண்களாகப் பங்கிட்டது. எண்ணப்படுவது அவர்களுக்கு நன்மையாக முடிந்ததில்லை. அதிலும் வீடும் வேலையும் மருந்தகமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்குமிடத்தில், பரம்பரை நோய் பற்றிய தகவல் வேலை கொடுப்போர் கைக்குச் சென்றால் விளைவு விபரீதமாகும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணு மற்றும் சுகாதாரத் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியவையாக வகுத்துள்ளது. அப்பாதுகாப்பு தோட்ட லயன்களையும் எட்ட வேண்டும். மாதிரி பெறுமுன் அதன் நோக்கத்தைத் தமிழில் விளக்கிச் சம்மதம் பெறுதல், மறுப்போருக்குச் சிகிச்சையில் குறை வைக்காதிருத்தல், தகவல்களைத் தோட்ட நிர்வாகத்திடமிருந்து விலக்கி வைத்தல், ஆய்வின் பயனை அதே மக்களின் கிளினிக்குகளுக்குத் திருப்பிக் கொடுத்தல் ஆகியன அடிப்படை நிபந்தனைகளாக வேண்டும்.

தரவுகளில் இல்லாத சமூகம் திட்டங்களிலும் இடம்பெறாது. அதேவேளை, நம்பிக்கையின்றித் திரட்டப்படும் தரவு நிலைக்காது. சம்பந்தப்பட்ட அமைச்சுக்களும் மலையகப் பிரதிநிதிகளும் இவ்விரண்டையும் ஒருங்கே கவனத்திற் கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.