பதின்மூன்று தோட்டாப் பிஸ்டல்

முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிரெஞ்சு ராணுவம் புதிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தேடியது. குறைந்தது 10 தோட்டா கொள்ள வேண்டும், 50 மீட்டர் தூரத்திலும் வேலை செய்ய வேண்டும், தோட்டாப் பெட்டியான மேகசினை உருவிவிட்டால் சுடக்கூடாது என்று நிபந்தனைகள் வைத்தது. அன்றைய ராணுவப் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றின் மேகசினில் 7 அல்லது 8 தோட்டாதான். பெல்ஜியத்தின் லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்தாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை, தன் பழைய கூட்டாளியான அமெரிக்கர் ஜான் மோசஸ் பிரௌனிங்கிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. கைத்துப்பாக்கிக்கு இத்தனை தோட்டா எதற்கு என்று அவர் நினைத்ததாகச் சொல்வார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் அதே தொழிற்சாலையின் டியூடோனே செவ். பிரச்சினை எளிதாகப் புரியக்கூடியது. தோட்டாக்களை ஒற்றை வரிசையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், எண்ணிக்கை கூடக் கூடக் கைப்பிடி கீழே நீண்டுகொண்டே போகும். இரண்டு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்காது. வண்டியில் பனந்துண்டுகளை ஏற்றுகிறவர் இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மூன்றாவதை உட்கார வைப்பார் அல்லவா, செவ் தோட்டாக்களை அப்படி இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்தார். மேலே வாய்ப்பகுதிக்கு வரும்போது இரண்டு வரிசையும் ஒன்றாகக் குறுகும். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் வெளியே வரும். எஃப்.என்.னின் 1903ஆம் ஆண்டுப் பிஸ்டல் ஒன்றை மாற்றி, அதில் 15 தோட்டா கொள்ளும் மேகசினைப் பொருத்திக் காட்டினார். பிரௌனிங்கின் ஐயம் அத்துடன் தீர்ந்தது.

அந்தக் குறுகும் இடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டை வரிசைப் பிஸ்டல் எதை எடுத்தாலும் அதன் நல்ல பெயரும் கெட்ட பெயரும் அந்த விரற்கடை நீளத்தில்தான் முடிவாகின்றன. இரண்டு வரிசையிலிருந்து வரும் தோட்டாக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒரே வாசலுக்குள் நுழைகின்றன. ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலோ, வாயின் இரு உதடுகளும் கொஞ்சம் விரிந்திருந்தாலோ தோட்டா கோணலாக ஏறும், துப்பாக்கி நடுவில் சிக்கிக்கொள்ளும்.

பிரௌனிங் 1926 நவம்பர் 26 அன்று ஹெர்ஸ்தாலிலேயே மாரடைப்பில் இறந்தார். இந்தப் பிஸ்டலுக்கு அவர் கேட்ட அமெரிக்கக் காப்புரிமை 1927 பிப்ரவரியில்தான் வந்தது. மிச்ச வேலை செவ்வின் தலையில் விழுந்தது. பிரௌனிங்கின் பழைய 1911 பிஸ்டலுக்கான காப்புரிமைகள் 1928இல் காலாவதியானதும், அதன் நல்ல அம்சங்களை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் உரிமை செவ்வுக்குக் கிடைத்தது. மேகசின் 13 தோட்டாவில் நிலைபெற்றது. 1935இல் பெல்ஜிய ராணுவம் அதை ஏற்றது. ஹை-பவர் என்பது அதன் பெயர். கேட்ட பிரான்ஸோ ஒற்றை வரிசையில் 8 தோட்டா கொள்ளும் வேறொரு பிஸ்டலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாங்காதவர் போட்ட நிபந்தனை மட்டும் பிஸ்டலுக்குள் தங்கிவிட்டது. மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்க, விசையோடு ஒரு சிறு துண்டை இணைத்திருந்தார்கள். விசையை இழுக்கும்போதெல்லாம் அது மேகசினின் முன்பக்கத்தில் உரசும். இன்னொன்றும் உண்டு. கைப்பிடி பருத்துவிடக் கூடாது என்பதால், விசையின் இழுப்பு மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குள் உள்ள ஒரு நெம்புகோல் வழியாகச் சுற்றிப்போய்ச் சுத்தியலை விடுவிக்கிறது. அதனால்தான் 13 தோட்டாவை வைத்துக்கொண்டும் ஹை-பவரின் கைப்பிடி கைக்கு இதமாக இருக்கிறது. விசை மட்டும் மணல் கலந்ததுபோல் கரகரக்கிறது. இதை வைத்திருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்: பிடி அருமை, விசை சரியில்லை.

1940இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தைப் பிடித்தது. தொழிற்சாலையும் சேர்ந்து கைமாறியது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஜெர்மானியருக்காக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹை-பவர்கள் அங்கே செய்யப்பட்டன. ஆரம்பத்தில் வந்தவை போருக்கு முந்தைய மெருகுடன் இருந்தன. கடைசியில் வந்தவற்றில் கருவிகளின் கீறல் தெரியும், பூச்சும் ஒழுங்காக இராது. ஒரே மாதிரி, ஒரே ஆலை என்றாலும், எந்த ஆண்டில் செய்தது என்று பார்க்காமல் இன்றைக்கு எந்தச் சேகரிப்பாளரும் விலை பேசுவதில்லை.

இதற்கிடையில் செவ் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றிருந்தார். கனடாவின் டொராண்டோவில் ஜான் இங்கிலிஸ் நிறுவனம் சீனத் தேசியவாத அரசின் ஆர்டருக்காக அதே பிஸ்டலைச் செய்யத் தொடங்கியது. 1944, 1945 இரண்டு ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகமாகச் செய்து முடித்தது. ஒரே துப்பாக்கி போரின் இரண்டு பக்கமும் நின்றது. சீனாவுக்கான வகையில் தொலைவுக்கேற்ப உயர்த்திக் குறி வைக்கும் குறிமுள்ளும், தோளில் சாய்த்துச் சுட மரக்கட்டை மாட்டும் பள்ளமும் இருந்தன. முதலில் செய்த சிலவற்றின் ஸ்லைடில் இது சீனக் குடியரசின் உடைமை என்று சீன எழுத்திலேயே பொறித்தார்கள். இமயமலையின் மேலே விமானத்தில் மட்டுமே சரக்கு போகக்கூடிய காலம் அது. ஆர்டரில் ஒரு பகுதியே சீனாவைச் சென்றடைந்தது. மிச்சம் கனடா, பிரிட்டன் என்று போய்ச் சேர்ந்தது.

போருக்குப் பின் இந்தப் பிஸ்டல் 50க்கும் மேற்பட்ட நாடுகளின் படைகளுக்குச் சென்றது. பிரிட்டன் 1954இல் ஏற்றுக்கொண்டு, 2013இல் கிளாக் 17 வரும்வரை வைத்திருந்தது. இவ்வளவு நீண்ட பணி ஒரு கருவியின் நம்பகத்துக்குச் சான்றா என்று கேட்டால், பாதிச் சான்று என்றே சொல்வேன். ராணுவங்கள் துப்பாக்கியை நம்பிக்கையால் மட்டும் வைத்திருப்பதில்லை, மாற்றப் பணமில்லாமலும் வைத்திருக்கும். பணியிலிருந்தவர்கள் சொன்ன குறைகள் எங்கும் ஒன்றுபோலவே இருந்தன. பாதுகாப்புப் பூட்டின் தகடு மிகச் சிறியது, பெருவிரலுக்கு அகப்படாது. சுடும்போது பின்னால் வரும் சுத்தியல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோலைக் கடிக்கும். பெரிய கை உள்ளவர்களுக்கு இரண்டு மேகசின் சுட்டாலே ரத்தம் வந்துவிடும். சப்மெஷின் கன்னுக்கென்று செய்த கடுமையான 9 மி.மீ. தோட்டாவை இதில் போட்டுச் சுட்டுச் சுட்டு உடலைத் தேய்த்த படைகளும் உண்டு. அப்படித் தேய்ந்த துப்பாக்கி சிக்கிக்கொண்டால், அந்தப் பழியை வடிவமைத்தவர் மேல் போடுவது நியாயமில்லை.

நம் நாட்டுக்கு வந்தது கனடாவின் இங்கிலிஸ் வடிவம். மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதை ‘பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ’ என்ற பெயரில் செய்தது. ராணுவ அதிகாரிகளின் இடுப்பிலும் பல மாநிலப் போலீஸ்காரர்களின் இடுப்பிலும் தொங்கியது இதுதான். செவ் போருக்குப் பின் உருவாக்கிய எஃப்.ஏ.எல். ரைபிளின் இந்திய வடிவமான எஸ்.எல்.ஆரும் இதே இச்சாப்பூரில்தான் உருவானது. பெல்ஜியத்துக்காரர் ஒருவரின் இரண்டு படைப்புகள் நம் நாட்டுக் காவல் பணியில் பல பத்தாண்டுகள் சேர்ந்தே நடந்திருக்கின்றன. ஆனால் இந்தியாவில் இதற்குச் சொந்தக்காரர் என்று ஏறக்குறைய யாரும் இல்லை. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம், தனியாருக்கு உரிமம் கிடைப்பது மிக அரிது. அதிகாரி இன்று கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நாளை திருப்பிக் கொடுக்கிறார். இவர் எடுத்த பிஸ்டலோடு நேற்று வேறொருவர் தரையில் போட்டு உதடு வளைந்த மேகசின் சேர்ந்து வரலாம். பொதுச் சொத்தான துப்பாக்கியின் நம்பகம், கிடங்கில் உட்கார்ந்து ஸ்பிரிங்குகளைச் சோதித்துக் கழித்துக்கட்டும் ஆர்மரரின் பொறுமையில் இருக்கிறது. அந்த வேலைக்கு நாம் கொடுக்கும் மதிப்பு குறைவு என்பது என் வருத்தம்.

தனியார் கையில் இதன் வாழ்க்கை முழுதாகத் தெரிவது அமெரிக்காவில். அங்கே பழைய ஹை-பவரை வாங்கியவர்கள் முதலில் சந்தித்த ஏமாற்றம் தோட்டாவின் மூக்கு. பிஸ்டல் பிறந்த காலத்தில் ராணுவத் தோட்டாவின் மூக்கு உருண்டையாக இருந்தது. பின்னாளில் தற்காப்புக்கென்று முன்னால் குழிவுள்ள தோட்டாக்கள் வந்தன. பழைய பிஸ்டலில் தோட்டா ஏறும் சரிவில் ஒரு மேடு உண்டு. உருண்டை மூக்கு அதில் வழுக்கி ஏறிவிடும், குழிந்த மூக்கு முட்டி நிற்கும். சரிவைத் தேய்த்துச் சரிசெய்யும் பட்டறைக்காரர்கள் இதனாலேயே பிழைத்தார்கள். 1980களில் வந்த மார்க் 2, மார்க் 3 வகைகளில் தொழிற்சாலையே அதைத் திருத்தியது.

இன்னொரு திருத்தத்தைச் சொந்தக்காரர்களே செய்துகொண்டார்கள். பிரான்ஸ் கேட்ட அந்த மேகசின் தடுப்பைக் கழற்றி எறிந்தார்கள். கழற்றினால் விசை இலகுவாகும், பொத்தானை அழுத்தியதும் காலி மேகசின் தானே கீழே விழும். ஆனால் மேகசினை உருவிய பின்னும் அறைக்குள் ஒரு தோட்டா இருந்தால் அது வெடிக்கும். வீட்டில் பிறர் கை படும் துப்பாக்கியில் அந்தத் தடுப்பைக் கழற்றுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

நெடுநாள் வைத்திருப்பவர்களின் வழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் எண் எழுதி வைப்பார்கள். துப்பாக்கி சிக்கினால் எந்த எண் உள்ளே இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி துப்பாக்கி இல்லை. அந்த மேகசினை ஒதுக்கினால் வேலை முடிந்தது. விற்றுவிடலாம் என்று முடிவுகட்டிய பிஸ்டல், மேகசினை மாற்றியதும் ஒழுங்காகச் சுடுவது அபூர்வமான அனுபவம் இல்லை.

விலையின் கதையிலும் அந்தப் பெட்டியே முன்னால் நிற்கிறது. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை இருந்தது. அதற்கு முன் செய்தவற்றைக் கைமாற்றலாம். உடனே பழைய 13 தோட்டா மேகசின்களின் விலை ஏறியது. அன்று வரை துப்பாக்கியோடு இலவச இணைப்பாகக் கருதப்பட்ட பெட்டிக்கு, பேரம் பேசும்போது தனிக் கணக்கு வந்தது. தடை காலாவதியானதும் அந்த விலை இறங்கியது.

இந்தப் பிஸ்டலின் வாழ்க்கையில் ரத்தக் கறை உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. 1981 மே 13 அன்று வாட்டிகனின் புனித பேதுரு சதுக்கத்தில் போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்டது ஒரு ஹை-பவர். 2011 அக்டோபரில் லிபியாவின் கடாஃபி கொல்லப்பட்ட நாளில், சிர்த் நகரில் ஒரு இளைஞர் அவருடைய தங்கமுலாம் பூசிய ஹை-பவரைத் தூக்கிக் காட்டிய படம் உலகமெங்கும் போனது. எத்தனை பேரைக் கொன்றது என்ற புகழில் ஒரு துப்பாக்கியின் மதிப்பு கூடுவதை நான் ஏற்கமாட்டேன். செவ்வின் மூளையில் உதித்த அடுக்குமுறைக்கு அந்தப் புகழ் தேவையும் இல்லை. 1970களில் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 59, செக்கோஸ்லோவாகியாவின் சி.இசட். 75, இத்தாலியின் பெரெட்டா 92, 1980களில் வந்த கிளாக் 17 எல்லாமே இரட்டை வரிசைதான்.

அந்த வாரிசுகளே மூத்ததை ஓரங்கட்டின. அவை எடை குறைந்தவை அல்லது விலை மலிந்தவை, பூட்டைத் தேட வேண்டியதில்லை, கையைக் கடிப்பதில்லை. 2017 வாக்கில் எஃப்.என். உற்பத்தியை நிறுத்தியது. நிறுத்திய செய்தி பரவியதும் பழையவற்றின் விலை மேலே போனது. அந்த வெற்றிடத்தைப் பார்த்து 2021இல் துருக்கியின் கிர்சானும் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டும் நகல்களைக் கொண்டுவந்தன. ஸ்பிரிங்ஃபீல்டின் எஸ்.ஏ.-35க்கு வைத்த விலை 699 டாலர். பிரான்ஸ் கேட்ட தடுப்பு அதில் இல்லை, சுத்தியலும் கடிக்காது.

பிஸ்டல் பெருமளவில் உருவான கனடாவில் நிலைமை தலைகீழ். அங்கே ராணுவம் 1944 காலத்து இங்கிலிஸ் பிஸ்டல்களையே ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஓட்டி, 2022இல்தான் மாற்றுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வாங்கவும் விற்கவும் கைமாற்றவும், சில விலக்குகள் நீங்கலாக, தடை வந்தது. எல்லைக்குத் தெற்கே சேகரிப்பாளர்கள் போட்டி போடும் அதே இங்கிலிஸ், டொராண்டோவில் ஒருவர் பெட்டகத்தில் இருந்தால் சந்தை விலை என்று சொல்ல ஏதுமில்லை.

எஃப்.என். 2022இல் ஹை-பவர் என்ற பெயரை மறுபடி எடுத்தது. உள்ளே எல்லாம் புதிது, மேகசினில் 17 தோட்டா, பழைய மேகசின் இதில் பொருந்தாது. எஸ்.ஏ.-35க்கு வரும் 15 தோட்டா இத்தாலிய மேகசினோ பழைய ஹை-பவருக்குள்ளும் போய் உட்காரும். பழைய பிஸ்டலை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறு யாரும் செய்யவில்லை. புதிய ஸ்பிரிங்குடன் புதிய மேகசின் கிடைக்கும்வரை அந்தத் துப்பாக்கிகள் ஓடும்.