டூராலுமினும் எக்ஸ் கதிரும்

பி.எஸ்ஸி. படித்துவிட்டு அரசாங்கக் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். எழுபதைத் தாண்டியும் என்னை வியக்க வைப்பது டூராலுமினின் வரலாறு.

1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், சுமார் 4 சதவீதம் தாமிரமும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்தார். சனிக்கிழமை மென்மையாக இருந்த துண்டு, திங்களன்று தானாகவே கெட்டிப்பட்டிருந்ததாம்! இந்த உலோகக் கலவையால்தான் பிறகு விமானங்கள் உருவாயின.

நுண்ணிய துகள்கள் உள்ளே பிரிவதே காரணம் என்று 1919-ல் அமெரிக்கர்கள் ஊகித்தார்கள். ஆனால் மைக்ராஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை.

1938-ல் பிரான்சில் கினியேவும் இங்கிலாந்தில் பிரஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்தார்கள். படத்தில் விழுந்த மங்கலான கோடுகள், தாமிர அணுக்கள் ஓரிரு அணு கனமே உள்ள தகடுகளாகக் கூடியிருப்பதைக் காட்டிக்கொடுத்தன.

வில்ம் 1937-லேயே காலமாகிவிட்டார். இன்னும் ஓராண்டு இருந்திருக்கக் கூடாதா என்று என் மனம் இன்றும் அடித்துக்கொள்கிறது.