லிப்சாஸ்: டெபியனுக்கான பொதியாக்கம்

சாஸ் மொழியில் எழுதிய நடைத்தாள்களை உலாவிக்குப் புரியும் சிஎஸ்எஸ் ஆக மாற்றித் தரும் நிரல் நூலகம் லிப்சாஸ். ஹாம்ப்டன் கேட்லின் 2006இல் வடிவமைத்த சாஸ் முதலில் ரூபியில்தான் ஓடியது. பின்னர் ஆரோன் லியூங்கும் கேட்லினும் அதைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் புதிதாக எழுதியதே லிப்சாஸ். வேகம் கூடியது, பைத்தான், நோட் என்று பல இடங்களிலிருந்தும் அழைக்க வழி பிறந்தது. ஆனால் லிப்சாஸ் தானாக ஓடாது. கட்டளை வரியில் அதை இயக்க சாஸ்சி என்ற சிறு நிரல் வேண்டும்.

டெபியன் இயங்குதளத்தில் இது ஒரே பொதியாக வருவதில்லை. இயங்குவதற்கான நூலகம் ஒரு பொதி, அதை வைத்து நிரல் எழுதுபவர்களுக்கான தலைப்புக் கோப்புகள் இன்னொரு பொதி. நூலகத்தின் இடைமுகம் பழைய நிரல்களோடு பொருந்தாமல் மாறினால் பொதியின் பெயரிலுள்ள எண்ணும் மாறும். டெபியன் 9இல் லிப்சாஸ்0 ஆக இருந்தது 10இல் லிப்சாஸ்1 ஆனது அப்படித்தான். பழைய நூலகத்தை நம்பி நிற்கும் நிரல் நடுவழியில் முறியாமல் காப்பது இந்த எண்தான்.

பொதியாளரின் உழைப்பு அதிகம் தெரிவது உள்பிரதி விவகாரத்தில். பைத்தானுக்கான லிப்சாஸ் இணைப்பு, நூலகத்தின் மூலநிரலைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்து வருகிறது. தனியாக நிறுவுபவருக்கு அது வசதி. ஓர் இயங்குதளத்துக்கோ ஆபத்து. தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதித்தவர்கள் 2018 வாக்கில் லிப்சாஸில் பல நினைவகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். பிரதிகள் பல இருந்தால் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். ஒன்றே இருந்தால் ஒரு திருத்தம் எல்லோரையும் சென்றடையும். ஆகவே கணினியில் ஏற்கெனவே உள்ள நூலகத்தையே எடுத்துக்கொள்ளும்படி ஒரு சூழல் மாறியை அமைத்து அந்த இணைப்பைக் கட்டலாம். பயனர் கண்ணில் படாத, ஆனால் போற்ற வேண்டிய வேலை இது.

சின்னச் சிக்கல்களும் உண்டு. லிப்சாஸ் தன் பதிப்பெண்ணைக் கிட் களஞ்சியத்தின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெறும் மூலநிரல் கட்டில் அந்த வரலாறு இருக்காது என்பதால் எண்ணைத் தனியே ஊட்ட வேண்டும். சோதனையோ வட்டமாகச் சுற்றுகிறது: லிப்சாஸைச் சோதிக்க சாஸின் பொதுச் சோதனைத் தொகுப்பை ஓட்ட வேண்டும், அதை ஓட்ட சாஸ்சி வேண்டும், சாஸ்சியைக் கட்ட லிப்சாஸ் வேண்டும்.

2020 அக்டோபரில் சாஸ் குழு லிப்சாஸைக் கைவிடுவதாக அறிவித்து, டார்ட் மொழியில் எழுதிய சாஸுக்கு மாறச் சொன்னது. டெபியனுக்கு அது எளிதல்ல. அதன் முதன்மைத் தொகுப்பில் இடம்பெறும் எதையும் அதே தொகுப்பிலுள்ள கருவிகளால் கட்ட முடிய வேண்டும். டார்ட் கருவித்தொகுதியோ நெடுங்காலமாக அங்கே இல்லை. கைவிடப்பட்ட பிறகும் 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் லிப்சாஸ் 3.6.5 இடம்பெற்றது.